நெட்டாவின் காலும் வாலஸின் கையும்

நெட்டா கில்லெஸ்பியின் இடது கால் பிப்ரவரியில் கறுக்கத் தொடங்கியது. முதலில் சுண்டுவிரல், பிறகு பக்கத்து விரல், பிறகு பாதத்தின் ஓரம். சர்க்கரை நோய் பல வருஷமாக மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்த கால். லார்பர்ட் ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள். எடுத்தால் பிழைக்கலாம். எடுக்காவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும். ஈஸ்டர் வரை தாங்கினால் பெரிய விஷயம்.

"வேண்டாம்" என்றாள் நெட்டா.

அபர்டீனிலிருந்து மகள் லோர்னா ஓடி வந்தாள். அழுதாள், கெஞ்சினாள், செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு மலையேறுகிற ஆட்களின் படங்களைப் போனில் காட்டினாள். எழுபத்தொன்பது வயதில் எந்த மலையில் ஏற வேண்டும் என்று நெட்டா கேட்டாள். மூளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்து, இது என்ன மாதம், நாட்டின் பிரதமர் யார் என்றெல்லாம் கேட்டுப் பார்த்தாள். நெட்டா பிரதமரின் பெயரைச் சொன்னதோடு நிற்காமல் அவரைப் பற்றிய தன் அபிப்பிராயத்தையும் சொன்னாள். மூளை சரி. ஆகவே யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மாத்திரைகளைக் கொடுத்து, திங்கட்கிழமைக்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சக்கர நாற்காலிக்குப் பயப்படுகிறாள் என்று லோர்னா நினைத்தாள். வலிக்குப் பயப்படுகிறாள் என்று நர்ஸ்கள் நினைத்தார்கள். இரண்டும் இல்லை. "வெட்டின கால என்ன செய்வீங்க?" என்று நெட்டா ஒரு சின்ன நர்ஸிடம் கேட்டிருந்தாள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம், நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க" என்று அந்தப் பெண் அன்பாகச் சொன்னாள். இருபது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவளுக்கு மழுப்பல் தெரியாதா? லிப்டில் கட்டிலைத் தள்ளி வந்த ஆளிடம் அதையே கேட்டாள். அவன் நேரான ஆள். "வேற என்ன மிஸஸ், மத்தக் கழிவோட போட்டு எரிச்சிடுவாங்க" என்றான்.

அந்தச் சொல்தான் அவளை விடவில்லை. கழிவு. நெட்டா கோயிலுக்குப் போகிறவள் இல்லை. கடைசி நாளில் எல்லோரும் முழு உடம்போடு எழுந்திருப்பார்கள் என்று நம்புகிறவளும் இல்லை. ஆனாலும் தன்னுடைய ஒரு பகுதி அழுக்குப் பஞ்சோடும் ஊசியோடும் சேர்ந்து எரிவதை அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதை வெளியே சொன்னால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. செத்தால் மொத்தமாகச் சாகிறேன் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அது சும்மா ஒரு கால் அல்ல. ஸ்டர்லிங்கில் பின்பக்கம் திறந்த மாடி பஸ்கள் ஓடிய காலத்தில், வலது காலில் நின்று, வலது கையால் கம்பியைச் சுற்றிப் பிடித்து, இடது காலை வாசலுக்குக் குறுக்கே நீட்டிவிடுவாள் நெட்டா. நிறைந்த பஸ்ஸில் அந்தக் காலைத் தாண்டி எவனும் ஏற முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணுகிறவர்களை இறக்கியதும் அதே கால்தான். சுரங்கத்தில் வேலை பார்த்த ஆலிக் கில்லெஸ்பி நடனக் கூடத்தில் முதல் முதலாக மிதித்தது அந்தக் காலைத்தான். மிதித்தவன் மன்னிப்புக் கேட்காமல் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டான். கண்டக்டர் இல்லாத பஸ்கள் வந்ததும் அவளுக்கு வேலை போனது. பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுகொண்டே உருளைக்கிழங்கு மசித்தாள். ஆலிக் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் லோர்னாவைப் படிக்க வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை செங்கா வந்தாள். கவுன்சில் அனுப்புகிற வீட்டுப் பராமரிப்பு ஆள். அகலமான கை, கரகரத்த குரல், யாருக்கும் பரிதாபப்படாத முகம். பரிதாபப்படுகிறவர்கள் இந்த வேலையில் ஒரு குளிர்காலம்கூடத் தாங்க மாட்டார்கள். வந்ததும் ஜன்னலைத் திறந்தாள். கட்டை அவிழ்த்தால் வாசனை அறை முழுவதும் நிறைந்துவிடும்.

"நேத்தைக்கு இன்னைக்கு மோசம்" என்றாள் செங்கா, பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு. "கணுக்காலைப் புடிச்சிடுச்சு. நான் பொய் சொல்லப் போறதில்ல நெட்டா."

"உன்னைப் பொய் சொல்லச் சொல்லி யார் கேட்டா?"

"லோர்னா எங்க?"

"கடைக்குப் போயிருக்கா. என்னைப் பாத்துப் பாத்து அழுததுல டிஷ்யூ தீந்துபோச்சு."

செங்கா சிரிக்கவில்லை. புண்ணைச் சுற்றித் துடைத்தாள். நெட்டா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டாவின் வீடு ஃபோர்த் ஆற்றங்கரையில் இருந்தது. எதிர்க் கரையில் இடிந்துபோன கேம்பஸ்கென்னத் மடத்தின் ஒற்றைக் கோபுரம்; அதற்குப் பின்னால் க்ரெய்க் குன்று; குன்றின் உச்சியில் வாலஸுக்குக் கட்டிய பெரிய நினைவுக் கோபுரம். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. பார்க்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பார்க்கிற காட்சி.

"கால் மட்டும் போறதுக்கா இந்தப் பிடிவாதம்?" என்றாள் செங்கா, கட்டுத் துணியைச் சுற்றியபடி. "அந்தப் பக்கம் ஒருத்தன் கை மட்டும் வந்து படுத்திருக்கு. அவன் ஒண்ணும் சொல்லக் காணோம்."

வாலஸைத்தான் சொன்னாள். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து நின்று, இந்த ஊர்ப் பாலத்தில் அவன் படையை ஆற்றில் தள்ளியவன் வில்லியம் வாலஸ். பிறகு காட்டிக்கொடுத்தார்கள். லண்டனில் அவனைக் கொன்று, உடம்பைத் துண்டு போட்டு, தலையை அங்கேயே வைத்துக்கொண்டு, மற்றதை ஊர் ஊராகத் தொங்கவிட அனுப்பினார்கள். ஸ்டர்லிங்குக்கு ஒரு கை வந்தது என்றும், மடத்துத் துறவிகள் அதை இறக்கிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள் என்றும் ஊரில் பேச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்லும். நெட்டாவும் அந்த வயதில் சொன்னவள்தான்.

"அந்தக் கைய அவங்க எப்பிடிப் புதைச்சிருப்பாங்க?" என்று நெட்டா திடீரென்று கேட்டாள்.

"எப்பிடின்னா? குழி வெட்டித்தான்."

"அதில்ல. பெட்டி, பாட்டு, ஜெபம் எல்லாம் உண்டா?"

"நான் என்ன, கூட நின்னேனா? இருந்திருக்கும். துறவிங்களுக்கு அதைவிட்டா வேற என்ன வேலை?"

"வெறும் கைக்கா?"

"வெறும் கைக்குத்தான்."

செங்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். நெட்டாவின் முகத்தில் என்னவோ அசைந்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்து அவள் போக வேண்டிய வீட்டில் ஒரு கிழவர் காலை உணவுக்குக் காத்திருந்தார், காத்திருக்கட்டும்.

"சொல்லுங்க. எதுக்குக் கேக்கறீங்க?"

நெட்டா சொன்னாள். லிப்டில் வந்த ஆளின் பதில், கழிவு என்கிற சொல், எல்லாம்.  முடித்ததும், "இதுக்கா சாகப் போறீங்க?" என்று செங்கா கேட்கவில்லை. இருபத்தாறு வருஷமாகச் செத்தவர்களைக் குளிப்பாட்டியவள் அவள். அதைக் கேட்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"என்னை அங்க கூட்டிட்டுப் போ" என்றாள் நெட்டா. "சும்மா பாக்கணும்."

"வேலை நேரத்துல கூட்டிட்டுப் போனா என் சீட்டு கிழிஞ்சிடும். ரெண்டு மணிக்கு வேலை முடியுது. அதுக்கு மேல நான் உங்க சிநேகிதி. எங்க வேணாலும் போகலாம்."

"லோர்னா விடமாட்டா."

"லோர்னாவுக்கு நான் சொல்லிக்கறேன்."

என்ன சொன்னாளோ, லோர்னா வாசல்வரை வந்து அம்மாவுக்குக் கம்பளித் தொப்பியை மாட்டிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வலிக்கு மாத்திரை, மேலே இரண்டு போர்வை, காலுக்குக் கீழே தலையணை. செங்கா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடைபாலத்தில் ஏறினாள். மார்ச் மாதக் காற்று ஆற்றின் மேல் வந்து முகத்தில் அறைந்தது. கீழே அலையேறி வருகிற நேரம். சேறு கலந்த தண்ணீர் கடலிலிருந்து மேல்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"பிடிய விட்டுடாத. காத்து நம்மளத் தூக்கிட்டுப் போயிடும்" என்றாள் நெட்டா.

"உங்களைத் தூக்க காத்தால ஆகாது. நான் தூக்கிப் பாத்தவ."

மடத்து வாசலில் பூட்டில்லை. உள்ளே புல்வெளி, புல்லுக்கு நடுவே முட்டியளவு கல் வரிசைகள், ஒரு காலத்தில் அவை சுவர்கள். தனியாக நிற்கும் மணிக்கோபுரம். கிழக்கே இரும்பு வேலி போட்ட ஒரு கல்லறை. அது மூன்றாம் ஜேம்ஸ் ராஜாவும் அவன் ராணியும் இருக்கிற இடம். வேலிக் கம்பியில் ஒரு பூங்கொத்து செருகியிருந்தது. கட்டியிருந்த நாடாவில் பெரிய எழுத்தில் வாலஸ் பெயர்.

செங்கா அதைப் பார்த்துவிட்டு நெட்டாவைப் பார்த்தாள். "யாரோ தப்பான ஆளுக்குக் கொண்டாந்து வச்சிருக்காங்க."

"அது என் வேலையா இருக்கும்" என்றாள் நெட்டா. "அந்தக் காலத்துல பஸ்ல வர்ற வெளியூர்க்காரங்க, வாலஸோட கை எங்க இருக்குன்னு கேப்பாங்க. எனக்கு என்ன தெரியும்? வேலி போட்ட இடத்துல போய்ப் பாருங்கன்னு சொல்லுவேன். வேலி இருக்கற இடம் அது ஒண்ணுதான்."

"ராஜா பாவம்."

"ராஜாவுக்கு என்ன பாவம்? வேற யாரு அவனுக்குப் பூ வைக்கப் போறா?"

சக்கரம் ஈரப் புல்லில் அழுந்தியது. கோயில் இருந்த இடத்தின் நடுவுக்கு வந்ததும் செங்கா நிறுத்தினாள். காற்று அங்கே கொஞ்சம் அடங்கியிருந்தது. ஒக்கில் மலைகளின் மேல் மேகம் கிழிந்து, வெளிச்சம் க்ரெய்க் குன்றின் மேல் மட்டும் விழுந்தது. பாறை செங்குத்தாக எழுந்து, அதன் தலையில் அந்தப் பெரிய கோபுரம். வீட்டு ஜன்னலில் தெரிவது உள்ளங்கை அகலம். இங்கே தலையைப் பின்னால் சாய்த்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அத்தனை பெரிய கோபுரமும் அங்கே இருக்கிறது. அது யாருக்காகவோ, அவனுடைய கை இங்கே எங்கேயோ, ஒரு பலகைகூட இல்லாமல் புல்லுக்குக் கீழே கிடக்கிறது. 

"ஒரு ஆளோட கை எவ்வளவு கனம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் செங்கா, பின்னால் நின்றபடி.

"எனக்கெப்படித் தெரியும்?"

"உயிரோட இருக்கறவங்க கை கனமே தெரியாது. அவங்களே பாதி தூக்கிக் கொடுத்துடுவாங்க. செத்தவங்க கைய அக்குளைத் துடைக்கறதுக்காகத் தூக்குவேன். புதுசா வேலைக்கு வர்றவங்க அந்த இடத்துலதான் பயந்துடுவாங்க. அவ்வளவு கனமான்னு கேப்பாங்க. இவன் வேற ராட்சச உடம்பாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா இங்க வந்தப்ப அதுல கனம் எதுவும் இருந்திருக்காது. வழியெல்லாம் உப்புல கிடந்து, மாசக் கணக்குல தொங்கி, காக்கா கொத்தி... எலும்பும் தோலும்தான். அதையும் கழுவியிருப்பாங்க."

"கழுவியிருப்பாங்களா?"

"புதைக்கறதுக்கு முன்னால கழுவாம எப்படி? ரெண்டு பேர் உக்காந்து, தண்ணி வச்சு, துணி வச்சுக் கழுவியிருப்பாங்க. விரல் இடுக்கு விடாம. நானா இருந்தா அப்படித்தான் செய்வேன்."

நெட்டா அதை நினைத்துப் பார்த்தாள். ஸ்டர்லிங் கோட்டையில் எதிரிப் படை உட்கார்ந்திருக்க, பிடிபட்டால் தலை போகும் என்று தெரிந்தும், ஆற்றில் படகு விட்டு ஒரு கையை எடுத்து வந்திருக்கிறார்கள். தலை வரட்டும், நெஞ்சு வரட்டும், எல்லாம் வந்த பிறகு பாடுகிறோம் என்று சொல்லவில்லை. வந்தது எதுவோ அதையே ஆளாக எண்ணிப் பாடியிருக்கிறார்கள். இந்தக் கல் வரிசைகளுக்கு நடுவே, கூரை இருந்த காலத்தில்.

ஆனால் அவன் வாலஸ். அவனுக்குச் செய்வார்கள். பஸ் கண்டக்டருக்கு யார் செய்வார்கள்? அந்த நினைப்பு வந்ததும் நெட்டாவின் முகம் பழையபடி இறுகியது. "போகலாம்" என்றாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "நாற்காலி மண்ணுல இறங்கிடுச்சு. இருங்க, நான் வந்து தள்றேன்."

மடத்தை ஒட்டிய சிற்றூரின் தோட்டங்கள் அந்தச் சுவர்வரை வருகின்றன. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சுவரைச் சுற்றி வந்தார். தட்டைத் தொப்பி, பச்சை ரப்பர் பூட்ஸ். கிட்டே வந்து நெட்டாவை உற்றுப் பார்த்தார்.

"பிரிட்ஜ் ஆஃப் ஆலன் பஸ்" என்றார்.

"என்னது?"

"நீங்க பிரிட்ஜ் ஆஃப் ஆலன் ஊருக்குப் போற பஸ்ல கண்டக்டர். நான் டோட் இம்ரி. ஒருக்கா என்னை பஸ்ஸுலேருந்து உதைச்சு இறக்கினீங்க."

"எதுக்கு?"

"மேல் மாடியில வாந்தி எடுத்தேன்."

"அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கேன்."

"சரிதான். எங்கம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க, இன்னொரு உதை கொடுத்துட்டு." டோட் சிரித்துக்கொண்டே நாற்காலியின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். செங்கா பின்னால் இழுத்தாள். சக்கரம் வெளியே வந்தது. "என்ன, ராஜாவைப் பாக்க வந்தீங்களா?"

"கையைப் பாக்க" என்றாள் நெட்டா.

"ஓ, அதா. அது எங்க தோட்டத்துல இருக்கு."

செங்கா சிரித்துவிட்டாள். "யாரு சொன்னா?"

"எங்க தாத்தா. ருபார்ப் பாத்திக்கு நேர் கீழன்னு சொல்லுவாரு. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் அவர் கோழிக்கூண்டுக்குக் கீழன்னு சொல்றாரு. முனை வீட்டு அம்மா அவங்க சமையக்கட்டுக்குக் கீழயாம். இந்த ஊர்ல கை இல்லாத தோட்டமே கிடையாது. கணக்குப் போட்டா வாலஸுக்குப் பதினஞ்சு கை." அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். "அதனாலதான் தோண்டும்போது எலும்பு வந்தா நாங்க கொஞ்சம் ஜாக்கிரதை."

"எலும்பு வருமா?"

"வராம? வருஷா வருஷம் வரும். ஆடு, நாய், எப்பவாவது மாடு. மடத்துக்காரங்க நல்லாச் சாப்பிட்டிருக்காங்க. எது வந்தாலும் தூக்கி எறியறதில்ல. தொப்பியக் கழட்டிட்டு, வந்த இடத்துலயே திருப்பி வச்சு, மண்ண மூடிட்டு, அப்புறம் தொப்பியப் போட்டுக்குவோம். எங்கப்பா அப்படி, அவங்கப்பா அப்படி. செவ்வாக்கிழமைகூட ஒண்ணு வச்சேன்."

"என்ன எலும்பு அது?"

"ஆட்டுக் கால். என் மருமக கால்நடை டாக்டர், அவளே பாத்துச் சொன்னா."

"ஆடுன்னு தெரிஞ்சுமா தொப்பியக் கழட்டினீங்க?" என்றாள் செங்கா.

டோட் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்ணாயிருந்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு யோசித்துச் சொன்னார். "இப்பத்தானே டாக்டர் வந்திருக்கா. எங்க தாத்தாவுக்கு யாரு சொன்னா எது ஆடு, எது ஆளுன்னு? பாத்துப் பாத்துக் கழட்டறதுன்னு ஆரம்பிச்சா ஒரு நாளைக்குத் தப்பிடும். எல்லாத்துக்கும் கழட்டிட்டா தப்பாது. ஆட்டுக்கு மரியாதை பண்ணினதால யாருக்கு என்ன நட்டம்?"

நெட்டா சுவருக்கு அப்பால் பார்த்தாள். கிளறிய கறுப்பு மண், புளிப்புத் தண்டுக்காக வளர்க்கிற ருபார்ப்பின் இளஞ்சிவப்புக் குருத்துகள், அதற்கப்பால் இன்னொரு தோட்டம், இன்னொன்று. இந்த வளைந்த ஆற்றுக்கு நடுவில், எழுநூறு வருஷமாக, பேர் தெரியாத ஆட்கள் மழையில் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, நாய் எலும்புக்கும் ஆட்டு எலும்புக்கும் தலையிலிருந்ததைக் கழற்றிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பார்க்க ஒருவரும் இல்லாதபோதும். குன்றின் மேல் நிற்கிற கோபுரத்தைக் கட்ட ஒரு தலைமுறை போதுமாயிருந்தது. 

"டோட்" என்றாள். "இதுக்கு?"

போர்வையை விலக்கினாள். செங்கா தடுக்கக் கையெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். கட்டுக்கு மேலே கணுக்கால் ஊதாவும் கறுப்புமாக இருந்தது. காற்றையும் மீறி அந்த வாசனை எழுந்தது. டோட் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எடுக்கப் போறாங்களா?"

"திங்கட்கிழமை. நான் சரின்னா."

"என்னை உதைச்ச கால்தானே இது?"

"அதே கால்தான்."

டோட் இம்ரி தொப்பியைக் கழற்றினார். வேடிக்கைக்கு அல்ல. நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நரைத்த நாலு முடி காற்றில் எழுந்து நின்றது.  செங்கா, யார் சாவுக்கும் அழாத செங்கா, நாற்காலியின் பிடியை இறுகப் பற்றியிருந்தாள். நெட்டா போர்வையை இழுத்து மூடிய பிறகுதான் அவர் தொப்பியைப் போட்டார்.

"ருபார்ப் கொஞ்சம் தரட்டுமா?" என்றார். "இந்த வருஷம் சீக்கிரம் வந்துடுச்சு."

"கொடு" என்றாள் நெட்டா. பிறகு செங்காவிடம், "லோர்னாவுக்குப் போன் போடு" என்றாள்.

வெட்டிய காலை வாங்கிப் புதைப்பதென்றால் சம்மதம் என்று நெட்டா சொன்னதை, லோர்னா போனில் முதலில் புரியாமல் இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை கத்தினாள். "இதுக்காகவா? இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நான் எத்தனை தடவ கேட்டேன்!"

"பயமா இருக்கான்னு கேட்ட. கால என்ன செய்யலாம்னு கேக்கல."

"அதை யாரு கேப்பாங்க!"

"சரி, இப்பக் கேளு."

விஷயம் ஒன்றும் பெரிதல்ல. கேட்டால் கொடுப்பார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கேட்கிறவர்கள் குறைவு, அவ்வளவுதான். சவப்பெட்டிக்காரர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். லோகி இடுகாட்டில் ஆலிக்கைப் புதைத்த இடம் நெட்டாவின் பெயரில் இருந்தது. அவளுக்கென்று அதே குழியில் மேலே இடமும் விட்டிருந்தது. திங்கட்கிழமை காலை டாக்டர் கறுப்பு மையால் அவள் முழங்காலுக்குக் கீழே ஓர் அம்புக்குறி போட்டார். "சரியான கால்தானேன்னு நாலு தடவ பாத்துக்குங்க" என்றாள் நெட்டா. மயக்க மருந்து ஏறும்வரை பக்கத்துக் கட்டில்காரியிடம் பஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிழைத்தாள். முதல் மூன்று நாள் இல்லாத கால்விரல்கள் அரித்தன என்று திட்டினாள். பிறகு சாப்பாட்டைத் திட்டினாள். நர்ஸ்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள், திட்டுகிறவர்கள் தேறிவிடுவார்கள்.

சவப்பெட்டிக்காரர் இளைஞர். காலை மட்டும் புதைத்த அனுபவம் அவருக்கு இல்லை. சின்னப் பெட்டி செய்து வந்தார். கயிறு எத்தனை வேண்டும் என்று கேட்கத் தயங்கினார். அந்த நாட்டில் பெட்டியைக் குழியில் இறக்குகிறவர்கள் குடும்பத்து ஆட்கள்தான். எட்டுக் கயிறு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. தலைமாட்டில் இருக்கிற முதல் கயிறு மிக நெருங்கிய சொந்தத்துக்கு. ஆலிக்கின் சாவில் அந்தக் கயிறு அவன் தம்பி கைக்குப் போனது. அப்போதெல்லாம் பெண்கள் குழிக்கே போவதில்லை. வீட்டில் நின்று, வருகிறவர்களுக்கு, மாவு மூடிச் சுட்ட இறைச்சிப் பை என்கிற பண்டத்தைச் சூடு பண்ணுவார்கள். நெட்டா தன் புருஷன் குழியை மறுநாள்தான் பார்த்தாள்.

"இந்தப் பெட்டிக்கு ரெண்டு கயிறு போதும்" என்றார் அந்த இளைஞர். "முதல் கயிறு யாருக்கு?"

"கால் யாரோடது?" என்று கேட்டாள் நெட்டா.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை போனார்கள். மழை விட்டிருந்தது. ஆலிக்கின் கல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு குழி, சுற்றிப் பச்சைத் துணி விரித்திருந்தது. நெட்டாவின் நாற்காலியை விளிம்புவரை தள்ளி, இரண்டு சக்கரத்துக்கும் செங்கா கட்டை வைத்தாள். லோர்னா எதிர்ப்பக்கம் இரண்டாம் கயிற்றைப் பிடித்தாள். பாதிரியார் வேண்டாம் என்று நெட்டா சொல்லியிருந்தாள். ஆனாலும் சும்மா இறக்குவது எப்படி? செங்கா பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் பாடினாள். சுருதி கொஞ்சமும் சேரவில்லை. இரண்டாம் அடியில் லோர்னாவும் சேர்ந்துகொண்டாள். பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள் இயந்திரத்தை அணைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை அப்படியே நின்றான்.

கயிறு இழுபட்டது. கனம் நெட்டாவின் உள்ளங்கையில் ஏறியது. இத்தனை வருஷம் தன்னைச் சுமந்த காலின் கனத்தை அன்றைக்குத்தான் முதல் முறையாக அவள் சுமந்தாள். விரல் விரலாகக் கயிற்றைத் தளர்த்தினாள். பெட்டி கீழே போய் மண்ணைத் தொட்டது கைக்குத் தெரிந்தது.

"விட்டுடலாம் மிஸஸ் கில்லெஸ்பி" என்றார் சவப்பெட்டிக்காரர் மெதுவாக.

"இரு."

குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். ஈர மண், சின்னப் பெட்டி, அதன் மேல் விழுந்திருந்த ஒரு துண்டு வெளிச்சம். தன் குழியைத் தானே எட்டிப் பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது? பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. கோயிலுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவள் போலக் குரல் தானாகத் தாழ்ந்தது.

"இது அட்வான்ஸ்தான் ஆலிக்" என்றாள். "மீதிக்கு அவசரப்படாத."

கயிற்றை விட்டாள். லோர்னா அழுதுகொண்டே சிரித்தாள், அல்லது சிரித்துக்கொண்டே அழுதாள், டிஷ்யூவும் கொண்டுவரவில்லை. செங்கா சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து, நாற்காலியைத் திருப்பினாள். சாவு வீட்டுச் சாப்பாட்டுக்குக் பக்கத்து காஸ்வேஹெட்டில் ஒரு ஹோட்டலில் மேசை சொல்லியிருந்தார்கள்: இறைச்சிப் பை, உருளைக்கிழங்கு, பட்டாணி. பை நன்றாக வெந்திருந்தது. நெட்டா இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.